பழைய வண்டிக்கு கோன் செட் டைட் வெக்கறது: முறுக்கறதுக்கு முன்னாடி கையில புடிச்சுப் பாருங்க

என்ற மாமா ஓட்டிட்டு இருந்த 92 மாடல் ஆர்எக்ஸ் 100 இப்ப எங்கிட்டதான் இருக்குது. ஆடி மாசம் தாராபுரத்துல இருந்து உடுமலைக்கு வர்ற ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படி வந்து வண்டியத் தள்ளும்னு, சும்மாவா அந்தப் பக்கம் பூரா காத்தாலை நட்டு வெச்சிருக்காங்க. அன்னைக்கு வண்டி நேராவே போகமாட்டேங்குது, நான் இடது பக்கம் திருத்துனா எச்சா இடது பக்கம் போகுது, வலது பக்கம் திருத்துனா எச்சா வலது பக்கம் போகுது, குடிச்சுட்டு ஓட்டறவன் மாதிரி பாம்பு ஓட்டம். காத்துனாலதான்னு நெனச்சு 40-லயே ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த நாள் காத்தே இல்லாத நேரத்துல தோட்டத்து மண் ரோட்டுல மெதுவா ஓட்டிப் பாத்தா அதே கதை. அப்பதான் ஞாபகம் வந்துச்சு, ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஒர்க்‌ஷாப்புல "முன்னாடி லொடலொடங்குது"ன்னு சொல்லி கோன் செட் (ஹேண்டில் திரும்பறதுக்கு ஃப்ரேமோட மூக்குல இருக்கற பேரிங்கு) டைட் வெச்சு வாங்கிட்டு வந்தது.

லூசா இருந்தா சத்தம் வரும், அதனால எல்லாரும் லூசுக்குத்தான் பயப்படறாங்க. டைட்டா இருந்தா சத்தமே வராது. ஆனா அதுதான் நெம்ப ஆபத்து. ஓடற வண்டி விழாம நிக்கறதே முன் வீலு நமக்குத் தெரியாம கொஞ்சூண்டு கொஞ்சூண்டா தானா திரும்பித் திரும்பி பேலன்ஸ் புடிக்கறதுனாலதான். கோன் செட்டு இறுக்கிப் புடிச்சுட்டா அந்தத் தானா திரும்பற வேலை நடக்காது, நம்ம கையாலதான் ஒவ்வொரு தடவையும் திருத்தோணும், நம்ம கை அந்த அளவுக்கு நைசு கெடையாது.

அந்த வண்டிய காங்கேயத்துல ஒரு பழைய மெக்கானிக் அண்ணங்கிட்ட கொண்டு போனேன். அவரு ஸ்பேனரே எடுக்கல. வண்டிய ஸ்டாண்டு போட்டு முன் வீலத் தூக்கி, ஹேண்டில்பார நடுவுல வெச்சு ஒத்த வெரலால லேசாத் தட்டுனாரு. அது அப்படியே நின்னுச்சு. "தம்பி, அது தானா சாயோணும், இது நிக்குது பாத்தியா"ன்னாரு. "ஏனுங்ண்ணா, இறுக்கமா இருந்தா நல்லதுதானுங்களே"ன்னு கேட்டேன். "வீட்டுக் கதவு கீல் இறுக்கமா இருந்தா நல்லதா கண்ணு?"ன்னு கேட்டாரு. அன்னையில இருந்து இந்த வேலைய நானே செய்யறேன், என்ற வண்டிக்கு மட்டும் இல்லாம பக்கத்துத் தோட்டத்து சிடி 100, ஒறம்பரை வீட்டு ஸ்ப்ளெண்டர், சித்தப்பா புல்லட்டுனு நாலஞ்சு வண்டிக்குச் செஞ்சிருக்கேன், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

உள்ள என்ன இருக்குதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோணும். ஃப்ரேமோட மூக்குல ஒரு பைப்பு, அதுக்குள்ளதான் ஸ்டெம்முனு சொல்ற ராடு நிக்குது. பைப்புக்கு மேல ஒரு கப், கீழ ஒரு கப், ஸ்டெம்முல மேல ஒரு கோன், கீழ ஒரு கோன், கப்புக்கும் கோனுக்கும் நடுவுல பால்ஸ். இவ்வளவுதான் கோன் செட்டு. பழைய வண்டில பால்ஸு கூண்டுக்குள்ள இருக்காது, உதிரியாத்தான் கெடக்கும். ஸ்டெம்முக்கு மேல ஒரு ரிங் நட்டு இருக்கும், சுத்தியும் வெட்டு வெட்டா இருக்கற வட்ட நட்டு, சில வண்டில ரெண்டு இருக்கும். அதுதான் இறுக்கத்தை முடிவு பண்றது. அதுக்கு மேல மேல் டீ, ஷாக் பைப்பு ரெண்டையும் மேல புடிக்கற தகடு, அதே மாதிரி கீழ புடிக்கறது கீழ் டீ. எல்லாத்துக்கும் ஒசக்க நடுவுல ஒரு பெரிய நட்டோ போல்ட்டோ இருக்கும். நெறய பேரு அந்தப் பெரிய நட்டை முறுக்குனா கோன் செட்டு டைட் ஆயிடும்னு நெனச்சு அதையே முறுக்கறாங்க. அது பூட்டு மாதிரி, ரிங் நட்டு அசையாம மேல இருந்து புடிக்கறது. பூட்டை எத்தனை இறுக்குனாலும் கதவு சரியாகாது.

இப்ப செக் பண்றது. இதுக்குத்தான் நேரம் எடுத்துக்கோணும், முறுக்கற வேலை பத்து நிமிசம்.

சமதளமா ஒரு எடத்துல சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினுக்கு அடில ஜாக்கியோ மரக்கட்டையோ குடுத்து முன் வீலு தரையில படாம தூக்கோணும். சைலன்சர் பைப்பு மேல பாரம் வெக்கக் கூடாது, நசுங்கிடும். ஜாக்கி இல்லைன்னா ஆராவது ஒருத்தர பின் சீட்டுல உக்கார வெச்சாலும் வீலு தூக்கிக்கும், ஆனா அவங்க சித்த நேரம் ஆடாம அசையாம உக்காரோணும்.

அப்பறம் முன்னாடி மண்டி போட்டு உக்காந்து, ரெண்டு ஷாக்கோட அடிப்பக்கத்தையும் ரெண்டு கையால புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. டக்கு டக்குன்னு ஆடுச்சுன்னா உடனே கோன் செட்டுன்னு முடிவு கட்டாதீங்க. ஷாக்குல புஷ் தேஞ்சிருந்தாலும் இதே டக்கு வரும், வீல் பேரிங் போயிருந்தாலும் வரும், ட்ரம் பிரேக் வண்டில பிரேக் தட்டைப் புடிக்கற எடத்துல கேப் விழுந்திருந்தாலும் பிரேக் புடிக்கறப்ப இதே சத்தந்தான். வித்தியாசம் கண்டுபுடிக்க இன்னொருத்தர் வேணும். நான் என்ற அக்கா பையன ஆட்டச் சொல்லிட்டு, என்ற வெரல கீழ் டீயும் ஃப்ரேம் மூக்கும் சேர்ற எடத்துல பாதி இக்கட்ட பாதி அக்கட்ட படற மாதிரி வெச்சுக்குவேன். கோன் செட்டு லூசுன்னா அந்த எடத்துல வெரலுக்கு அடில ரெண்டும் தனித்தனியா நகர்றது தெரியும், கண்ணுக்குத் தெரியாதது கூட வெரலுக்குத் தெரியும். அங்க ஒண்ணும் நகரலை, ஆனா சத்தம் வருதுன்னா ஷாக்கு பைப்பு கேஸுக்குள்ள போற எடத்துல வெரல வெச்சுப் பாருங்க. வீல் பேரிங்குக்கு, வீல இடமும் வலமும் புடிச்சு ஆட்டுனா தெரிஞ்சுரும்.

இப்படிச் செக் பண்ணாம முறுக்குனதுனாலதான் பாதி வண்டி கெட்டுப்போகுது. ஷாக் புஷ்ல சத்தம், அதை நிறுத்த கோன் செட்டை இறுக்கறது, சத்தம் போகலைன்னு இன்னும் இறுக்கறது. என்ற வண்டிக்கும் அதுதான் நடந்திருந்துச்சு.

ரெண்டாவது செக், அந்த அண்ணன் செஞ்சது. வீலு தூக்குன நெலமையில ஹேண்டில நடுவுல இருந்து லேசா தட்டி உட்டா, அது தன் பாரத்துலயே ஒரு கடைசி வரைக்கும் போய் நிக்கோணும், ரெண்டு பக்கமும். போகலைன்னா டைட்டு. ஆனா அதுக்கு முன்னாடி கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், வயரிங் எதாவது இழுத்துப் புடிக்குதான்னு பாருங்க, புதுசா கேபிள் மாத்தி தப்பான வழியில வுட்டிருந்தா அதுவே ஹேண்டிலப் புடிச்சுக்கும், நம்ம கோன் செட்டைத் திட்டிட்டு இருப்போம்.

மூணாவது, கண்ண மூடிட்டு ஹேண்டில மெதுவா ஒரு கடைசில இருந்து இன்னொரு கடைசி வரைக்கும் திருப்புங்க. நேரா வர்ற எடத்துல மட்டும் டுக்குன்னு ஒரு பள்ளத்துல உக்கார்ற மாதிரி இருந்தா கப்புல குழி விழுந்துடுச்சுன்னு அர்த்தம். வண்டி ஓடற நேரம் முக்காவாசி ஹேண்டில் நேராத்தான் இருக்குது, ரோட்டுக் குழியில அடிக்கற அடி எல்லாம் பால்ஸு அதே எடத்துலயே வாங்கி வாங்கி கப்புல சின்னச் சின்ன பள்ளம் போட்டுருது, கிரீஸ் காஞ்சிருந்தா இன்னும் சீக்கிரம். அப்படி ஆனதுக்கப்பறம் எந்த டைட்டும் வேலைக்காகாது. நடுவுல சரியா வெச்சா ஓரத்துல இறுக்கும், ஓரத்துல சரியா வெச்சா நடுவுல லூசு. செட்டை மாத்தறதுதான் வழி. ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறப்போறேன், இப்போதைக்கு டைட் மட்டும் வெச்சுக்கறேன்னு ஆராவது சொன்னா நான் உட மாட்டேன்.

குழி இல்லை, வெறும் லூசோ டைட்டோதான்னு உறுதியா தெரிஞ்சா முறுக்கலாம். வேணுங்கறது: மேல நட்டுக்குப் பொருந்தற நல்ல ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோ, ரிங் நட்டோட வெட்டுல கொக்கி மாதிரி மாட்டற சி ஸ்பேனர், டேங்க்கு மேல போட பழைய போர்வை. டேங்கைக் கழட்டிட்டா இன்னும் நிம்மதி, ஸ்பேனர் நழுவி ஒரு அடி வுழுந்தா பெயிண்டு போச்சு. சி ஸ்பேனர் பெரிய வெலை இல்லைங்க, டூல்ஸ் கடையில கெடைக்கும், இல்லைன்னா கோயமுத்தூர்ல லேத்துப் பட்டறைக்கா பஞ்சம், ஒரு பட்டையில கொக்கி வெட்டிக் குடுன்னா குடுத்துருவாங்க. உளிய வெச்சு சுத்தியல்ல அடிக்கற வேலை மட்டும் வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேக்கறேன். என்ற வண்டியோட ரிங் நட்டுல எட்டு எடத்துல உளி கடிச்சு காது பிஞ்சு கெடந்துச்சு, அடிக்கறப்ப எவ்வளவு திரும்புதுன்னு கைக்குத் தெரியாது, ஒரு அடிக்கு கால் சுத்து போயிரும், அந்த அடி பூரா கீழ பால்ஸுக்கும் போகும்.

முதல்ல மேல இருக்கற பெரிய நட்டை ஒரு சுத்து, ஒன்னரை சுத்து லூஸ் பண்ணுங்க. அடுத்து நெறய பேரு உடற விசயம், மேல் டீயில ஷாக் பைப்பைப் புடிக்கற போல்ட்டையும் லூஸ் பண்ணோணும். ஷாக் பைப்பு மேல் டீயையும் கீழ் டீயையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்குது, அதை அவுக்காம ரிங் நட்டை முறுக்குனா மேல் டீ எறங்கி உக்காராது, பின்னால எறங்கறப்ப அளவு மாறிப்போயிரும். சில வண்டில பைப்புக்கு மேல இருக்கற மூடி போல்ட்டுதான் மேல் டீயையும் புடிச்சிருக்கும், அப்படின்னா அதை அரை சுத்து மட்டும் லூஸ் பண்ணுங்க, முழுசாக் கழட்டுனா உள்ள ஸ்ப்ரிங் அழுத்தம் இருக்கு, மூஞ்சிக்கு வரும். கீழ் டீ போல்ட்டைத் தொடாதீங்க.

இப்ப ரிங் நட்டு. டைட்டா இருக்கற வண்டின்னா முதல்ல நல்லா லூஸ் பண்ணிட்டு புதுசா ஆரம்பிங்க. சி ஸ்பேனரை மாட்டி ஓரளவு அழுத்தமா இறுக்கி, ஹேண்டில அஞ்சாறு தடவை இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் திருப்புங்க, பால்ஸும் கிரீஸும் எடம் பாத்து உக்காந்துக்கும். மறுபடி லூஸ் பண்ணுங்க, ஆட்டிப் பாத்தா லேசா டக்குன்னு வரோணும். அந்த எடத்துல இருந்து கொஞ்சங் கொஞ்சமா இறுக்கிட்டே வாங்க, ஒவ்வொரு தடவையும் ரிங் நட்டோட ஒரு வெட்டுல பாதி தூரம், அவ்வளவுதான். இறுக்கி ஆட்டிப் பாருங்க, இறுக்கி ஆட்டிப் பாருங்க. டக்கு எந்த எடத்துல நின்னுச்சோ அங்கயே நிறுத்திக்குங்க. உதிரி பால்ஸ் வண்டிக்கு அதுதான் அளவு, அதுக்கு மேல வலு குடுத்து இறுக்கறதுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆராவது பால்ஸுக்குப் பதிலா டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு மாதிரி உருளை இருக்கறது) மாத்திப் போட்டிருந்தா மட்டும் அதை விட ஒரு துளி அழுத்தம் குடுக்கோணும்.

அப்பறம் மேல பெரிய நட்டை இறுக்குங்க, மேனுவல் இருந்தா அதுல போட்டிருக்கற டார்க்குக்கு, அதாவது எவ்வளவு வலுவா இறுக்கோணுங்கற அளவுக்கு. இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. மேல் நட்டை இறுக்குறப்ப ரிங் நட்டோட மரையில இருக்கற சின்ன கேப் அமுங்கி, நாம வெச்ச அளவை விட எச்சா டைட் ஆயிடும். அதனால மேல் நட்டை இறுக்குனதுக்கப்பறம் மறுபடியும் முதல்ல இருந்து எல்லா செக்கும் பண்ணோணும். எனக்கு முதல் தடவை நாலு வாட்டி அவுத்து அவுத்து வெக்க வேண்டி இருந்துச்சு, பொழுதோட ஆரம்பிச்சு வெளக்கு போட்டு முடிச்சேன். இப்ப எல்லாம் மேல் நட்டுக்கு முன்னாடி கொஞ்சம் லூசா, இன்னும் ஒரு டக்கு பாக்கி இருக்கற மாதிரி உட்டுடறது, மேல இறுக்குனா அதுவே சரியா வந்துரும். உங்க வண்டிக்கு எவ்வளவு உடோணும்னு ரெண்டு தடவை செஞ்சா கை கத்துக்கும். எல்லாம் சரின்னு ஆனதுக்கு அப்பறந்தான் ஷாக் பைப்பு போல்ட்டை இறுக்கோணும், இறுக்கிட்டு ஒரு தடவை மறுபடி தட்டி உட்டுப் பாருங்க.

கை அளவு நம்பிக்கை இல்லாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு. சந்தையில கொக்கி போட்டுத் தூக்கி எடை பாக்கற ஸ்ப்ரிங் தராசு இருக்குதில்ல, அதுல கிராம் கணக்கா காட்டற சின்னது ஒண்ணு வாங்கிக்குங்க. வீலு தூக்குன நெலமையில ஹேண்டில நேரா வெச்சு, கைப்புடி ரப்பரோட நுனியில கொக்கிய மாட்டி, ஹேண்டிலுக்கு நேர் குறுக்கா மெதுவா இழுங்க. ஹேண்டில் நகர ஆரம்பிக்கற நேரத்துல எவ்வளவு காட்டுதுன்னு பாக்கோணும். சுசுகி மேனுவல்கள்ல இதுக்கு 200-ல இருந்து 500 கிராம்னு போட்டிருப்பாங்க. என்ற யமஹாவுக்கு ரெண்டு பக்கமும் 300 சொச்சம் வர்ற மாதிரி வெச்சிருக்கேன், நல்லா ஓடுது. ஒர்க்‌ஷாப்புல இருந்து வந்தப்ப அது எவ்வளவு இருந்துச்சுன்னு பாத்தேன்னா, முள்ளு ஒரு கிலோவத் தாண்டிப் போச்சு.

செட்டு மாத்தோணும்னா அது தனி நாள் வேலை, ஹெட்லைட், ஹேண்டில், முன் வீல், மட்கார்டு, ஷாக்கு எல்லாம் எறங்கோணும். முழுசாச் சொன்னா நீண்டுரும், ஆனா ரெண்டு மூணு விசயம் சொல்லாம உட முடியாது. கீழ் டீய எறக்கறப்ப கீழ ஒரு பழைய வேட்டிய விரிச்சு வெச்சுக்குங்க, இல்லைன்னா பால்ஸு சிதறி ஓடி மண்ணுல புதைஞ்சு போயிரும். மேல எத்தனை, கீழ எத்தனைன்னு எண்ணி தனித்தனியா வெக்கோணும், சில வண்டில மேல சின்ன பால்ஸ், கீழ பெருசு. நான் எறக்குனப்ப என்ற பொண்ணு சாப்பாட்டுத் தட்டுல மண்ணெண்ணெய் ஊத்தி பால்ஸைக் கழுவி எண்ணிட்டு, "அப்பா, கீழதுல ஒண்ணு கொறையுது"ன்னு சொல்லுச்சு. தேடிப் பாத்தா கெடைக்கவே இல்லை. ஆரோ எப்பவோ ஒண்ணு கொறைச்சலாவே போட்டு மூடியிருக்காங்க. எண்ணிக்கை தெரியலைன்னா கப்புல கிரீஸ் தடவி வட்டமா ஒட்டிக்கிட்டே வாங்க, வட்டம் நெறைஞ்சதுக்கப்பறம் ஒரு பால்ஸுக்கு கொறைவா கொஞ்சம் எடம் மிஞ்சோணும், ஒண்ணோட ஒண்ணு நெரிக்கற மாதிரி அடைச்சுடக் கூடாது, ரெண்டு மூணு பால்ஸ் எடம் காலியாவும் உடக் கூடாது.

பழைய கப்ப கையில எடுத்தப்ப கழுவாம வெயில்ல புடிச்சுப் பாத்தேன். கிரீஸு பால் காப்பி கலர்ல இருந்துச்சு, தண்ணி போயிருக்குதுன்னு அர்த்தம். தொடைச்சுட்டு நகத்தால ஓட்டுனா முன் பக்கமும் பின் பக்கமும் மட்டும் வரிசையா டக் டக் டக்குன்னு நகம் விழுந்து ஏறுது, பல்லாங்குழி பலகை மாதிரி, மத்த எடம் பூரா கண்ணாடி மாதிரி வழவழன்னு கெடக்குது. அப்படி குழி விழுந்த கப்புல புது பால்ஸ் மட்டும் போடறது காச வீணாக்கறது. கப், கோன், பால்ஸ் எல்லாம் ஒரே செட்டா மாத்துங்க. புது கப்ப அடிக்கறப்ப பழைய கப்ப அது மேல கவுத்து வெச்சு அடிச்சா ஓடற பாதையில அடி படாது, சுத்தியும் மாத்தி மாத்தித் தட்டி நேரா எறக்கோணும், கடைசில சத்தம் கெட்டியா மாறும், அப்ப அடியில உக்காந்துருச்சு. கிரீஸு கஞ்சத்தனம் பாக்காம வெய்யுங்க, நல்ல லித்தியம் கிரீஸ் போதும்.

புது செட்டு போட்டா 300, 400 கிலோமீட்டர் ஓடுனதுக்கப்பறம் லேசா லூஸ் ஆகும், கப்பு இன்னும் கொஞ்சம் உக்காந்துக்கும், அது கோளாறு இல்லை. மறுபடி ஒரு தடவை டக்கு பாத்து அளவு வெச்சுட்டா நீண்ட நாளைக்கு தொந்தரவு இருக்காது. வாட்டர் சர்வீஸ் உடறப்ப மட்டும் அந்தப் பையங்கிட்ட நின்னு, ஹேண்டிலுக்கு அடில தண்ணி அடிக்கற கன்ன நேரா புடிக்க வேண்டாம் கண்ணுன்னு சொல்லிருங்க, அந்த பிரஷர்ல தண்ணி நேரா கப்புக்குள்ள போயிரும். பழைய வண்டில அங்க ரப்பர் சீல்னு பெருசா ஒண்ணும் கெடையாது.

இன்னும் ஒண்ணு. எல்லாம் சரியா வெச்சும் வண்டி ஆடுச்சுன்னா, டயர்ல காத்து பாருங்க, அப்பறம் பின்னாடி ஸ்விங் ஆர்ம் (பின் வீலைப் புடிச்சிருக்கற கை) புஷ் பாருங்க, பின் வீல பக்கவாட்டுல புடிச்சு இழுத்தா ஆடுச்சுன்னா அதுதான். முன்னாடி குத்தம் இல்லாதப்ப முன்னாடியே போட்டு முறுக்க வேண்டாம். என்ற வண்டியில அதுவும் இருந்துச்சு, புஷ் மாத்தி கோன் செட்டு அளவு வெச்சு, அதே தாராபுரம் ரோட்டுல அதே ஆடிக் காத்துல போன வாரம் 60-ல ஓட்டிட்டு வந்தேன், காத்து தள்ளுச்சு, வண்டி தள்ளுன அளவுக்கு மட்டும் நகர்ந்து மறுபடி தானா நேரா வந்துச்சு.